கஞ்சாவும் வளாகமும்: ஐக்கிய அமெரிக்க மாணவர் பழக்கமொன்றின் வர்க்க வரலாறு

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் மாணவரின் புகைத்தற் பழக்கமொன்றை ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். 1950களுக்குப் பின்வந்த அமெரிக்க எழுத்துக்களைப் பயில்வோர் இவ்வினாவை நெடுநேரம் எழுப்பிக்கொண்டிருத்தல் இயலாது. அக்காலத்துக் கவிதையும் புனைகதையும் பாடலும் கஞ்சாப் புகையினூடாகவே பல்கலைக்கழக வளாகங்களுள் நுழைந்தன. அவ்வெழுத்துக்களைக் கற்பிக்கும் தேவை கருதியே நாமும் இவ்விடயத்தை முதலில் நோக்கினோம். நோக்கியவிடத்து, கவிதை நூல்களிலும் பார்க்கச் சட்ட நூல்களே எம்மைக் கூடுதலாகச் சிந்திக்க வைத்தன.

இரண்டு எண்களிலிருந்து தொடங்குவோம். 1967 ஆம் ஆண்டில் கல்லூரி மாணவரிடையே நடத்தப்பெற்ற கலப் கருத்துக் கணிப்பின்படி, கஞ்சாவை ஒருமுறையேனும் புகைத்ததாகக் கூறியோர் நூற்றுக்கு 5 பேர். 1971 இல் அதே நிறுவனம் அதே வினாவை எழுப்பியபோது அத்தொகை நூற்றுக்கு 51 ஆயிற்று. நான்கே ஆண்டுகளில் ஒரு சிறுபான்மையினரின் பழக்கம் பெரும்பான்மையினரின் பழக்கமாகிவிட்டது. இம்மாற்றத்துக்கு முற்போக்காளரிடையே வழக்கமாகக் கூறப்படும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று, இது சீரழியும் முதலாளித்துவத்தின் மயக்கம் என்பது. மற்றது, இது அவ்வமைப்பினை எதிர்த்த இளைஞரின் கலகம் என்பது. இவ்விரண்டும் மாணவரையும் புகையையும் மாத்திரமே நோக்குகின்றன. அச்செடியினை அவர்களுக்கு முன்னர் புகைத்தோர் யாவர், அவர்களுக்கு நேர்ந்தது யாது என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்பாது மாணவரின் மனப்பாங்கை விளங்கிக்கொள்ளல் முடியாதென்பதே எமது கருத்து.

கஞ்சா ஐக்கிய அமெரிக்காவிற் குற்றமான வரலாறு தொழிலாளர் வரலாற்றின் ஒரு பகுதியாகும். 1910 இல் மெக்சிக்கோவில் வெடித்த புரட்சியின் பின்னர் எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான ஏழை விவசாயிகள் தென்மேற்கு மாநிலங்களின் வயல்களிலும் புகையிரதப் பாதைகளிலும் மலிந்த கூலிக்கு வேலை செய்தனர். அவர்களோடு 'மரிஹுவானா' என்ற சொல்லும் வந்தது. டெக்சாஸ் மாநிலத்து எல்லைப்புற நகரான எல்பாசோ 1915 இல் அதனைத் தடைசெய்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அத்தொழிலாளரின் உழைப்பு வேண்டப்படாததாகி, அவர்கள் கூட்டங்கூட்டமாக மெக்சிக்கோவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட அதே ஆண்டுகளில் கஞ்சா பற்றிய பீதியும் நாடு முழுவதற்குமுரியதாயிற்று. 1930 இல் அமைக்கப்பெற்ற கூட்டாட்சிப் போதைப்பொருட் பணியகத்தின் தலைவர் ஹரி அன்ஸ்லிங்கர், கஞ்சா புகைத்தோர் புரிந்தனவாகக் கூறப்பட்ட கொலைகளின் கதைகளைத் திரட்டிப் பத்திரிகைகளுக்கு வழங்கினார். 1937 இல் கஞ்சா வரிச்சட்டம் நிறைவேறியது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பிற் சாட்சியமளித்த வில்லியம் வுட்வேட், போதிய சான்றுகள் முன்வைக்கப்படவில்லையெனக் காங்கிரஸ் குழுவின் முன்னிலையில் வாதிட்டார், அவ்வாதம் செவிசாய்க்கப்படவில்லை. 1956 ஆம் ஆண்டுச் சட்டம், உடைமையில் வைத்திருந்த முதற் குற்றத்துக்கே குறைந்தது 2 ஆண்டுகள், கூடியது 10 ஆண்டுகள் எனச் சிறைத்தண்டனை விதித்தது. மறுமுறை குற்றம் புரிந்தோரின் தண்டனையைக் குறைக்கும் சுதந்திரம் நீதிபதிக்கும் இல்லாது போயிற்று.

இக்கொடிய சட்டத்தை எதிர்த்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து அன்று எழுந்த குரல்கள் மிகச் சிலவே. சிறைக்குச் சென்றோர் மெக்சிக்கரும் கறுப்பின மக்களும் அவர்களிடையே வாழ்ந்த இசைக்கலைஞருமாயிருந்தமையே அதற்குக் காரணம்.

கஞ்சா பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்த பாதையும் இதனோடு தொடர்புடையதே. நியூயோர்க், சிக்காகோ, நியூஓர்லியன்ஸ் ஆகிய நகரங்களின் ஜாஸ் மன்றங்களிற் கறுப்பினக் கலைஞர் புகைத்ததை வெள்ளையின இளைஞர் சிலர் கற்றுக்கொண்டனர். அவர்களிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற அலன் கின்ஸ்பேர்க்கும் ஜாக் கெரூவாக்கும் அடங்குவர். கெரூவாக்கின் 'ஒன் த றோட்' நாவல் 1957 இல் வெளிவந்தது. அடுத்துவந்த தலைமுறை மாணவரின் கைகளில் அது ஒரு வழிகாட்டி நூலாகவே பயன்பட்டது. அந்நாவலின் கதைசொல்லி கறுப்பின மக்களும் மெக்சிக்கரும் வாழும் வாழ்க்கைக்கு ஏங்குகின்றான். ஆயின் அவ்வாழ்க்கையின் கூலியையோ வாடகையையோ பொலிஸையோ அவன் ஏற்க விழையவில்லை. இவ்வேக்கத்தின் இரட்டைத்தன்மையை அமெரிக்க விமரிசகர் பலரும் சுட்டியுள்ளனர். நாம் இங்கு அதனை நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு: மாணவரின் கஞ்சாப் பழக்கமும் அவ்விரட்டைத்தன்மையைத் தன்னுட் கொண்டே பிறந்தது.

இவ்விடத்திற் சமூகவியலறிஞர் ஹவாட் பெக்கரின் ஆய்வினைக் குறிப்பிடல் வேண்டும். சிக்காகோவின் மதுச்சாலைகளிற் பியானோ வாசித்துப் பிழைப்பு நடத்திய அனுபவமும் உடைய பெக்கர், கஞ்சா புகைப்போர் 50 பேரைச் செவ்விகண்டு 1953 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கால உளவியலாளர், கஞ்சா புகைப்பவனின் ஆளுமையில் ஏதோ ஒரு கோளாறு முன்னரே இருத்தல் வேண்டுமென்றனர். பெக்கர் அதனைத் தலைகீழாக்கினார். புகையை இழுக்கும் முறை, அதன் விளைவை இனங்காணும் முறை, அவ்விளைவை இன்பமெனக் கொள்ளும் முறை ஆகிய மூன்றையும் ஒருவன் பிறரிடமிருந்து கற்றாக வேண்டும். கற்றுத்தருவோர் இன்றேல் முதன்முறை புகைத்தவனுக்குத் தலைச்சுற்றலுக்கு மேல் எதுவுமில்லை என்றார். மனப்பாங்கு பழக்கத்தைத் தோற்றுவிக்கவில்லை, பழக்கமே தனக்குரிய மனப்பாங்கைத் தோற்றுவிக்கின்றது என்னும் இம்முடிபு பொருள்முதல்வாதிகளாகிய எமக்கு வியப்பூட்டுவதன்று. பெக்கர் மார்க்சியர் அல்லர் என்பதையும் சொல்லிவைத்தல் நேர்மை. கற்பிக்கும் குழுவினை அவர் கண்டார். அக்குழு எவ்வர்க்கத்தைச் சேர்ந்ததென்பது அவரது கட்டுரையில் முதன்மை பெறவில்லை.

1960களில் அக்கற்பித்தல் நிகழ்ந்த இடம் பல்கலைக்கழக மாணவர் விடுதியாகும். போருக்குப் பிந்திய மக்கட்பெருக்கத்தின் பிள்ளைகள் இலட்சக்கணக்கிற் பல்கலைக்கழகங்களிற் சேர்ந்த காலம் அது. பெற்றோரின் கண்ணுக்கும் தொழிற்சாலையின் சங்கொலிக்கும் அப்பாற்பட்டு, ஒத்த வயதினர் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தமை அமெரிக்க வரலாற்றில் அதற்குமுன் இருந்ததில்லை. அவ்வாழ்வுக்குப் பின்னால் வியத்நாம் நின்றது. பல்கலைக்கழகத்திற் பதிவுசெய்திருக்கும்வரை கட்டாயப் படைச்சேவை ஒத்திவைக்கப்பட்டது. படிக்க வசதியற்ற தொழிலாளரின் பிள்ளைகள் போர்க்களத்துக்குச் சென்றனர். அங்கு அவர்களும் கஞ்சா புகைத்தனர் என்பது வேறு கதையன்று. ஒரே தலைமுறையின் இரு வர்க்கங்கள் ஒரே புகையை வெவ்வேறு இடங்களில் இழுத்தன. யேல் பல்கலைக்கழக உளவியலறிஞர் கெனெத் கெனிஸ்ரன் அக்காலத்தில் அவதானித்தவாறு, வளாகங்களுக்குள்ளும் இப்பழக்கம் முதலில் வேரூன்றியது, அறிவுத்துறைகளிற் பெயர்பெற்ற, நுழைவதற்கு அரிய கல்லூரிகளிலேயே.

மாணவர் இதுபற்றிக் கொண்டிருந்த கருத்து யாது? அவர்கள் வாதங்களின் சாரம் எளிது. மதுவும் புகையிலையும் தந்தையின் மேசையில் உள்ளன. அவை கொல்வது நிறுவப்பட்டுள்ளது. கஞ்சா கொல்வதாக அரசாங்கம் சொல்கின்றது, நாம் புகைத்தோம், சாகவில்லை. எனவே அரசாங்கம் பொய் சொல்கின்றது. இத்தருக்கத்தின் மருத்துவப் பெறுமதி குறைவு. நாட்பட்ட மிகைப்பயன்பாடு நினைவாற்றலையும் கற்றலையும் தாக்குமென்பதும், சிலரிடையே உளநோய்க்கு வழிகோலுமென்பதும் பிற்கால ஆய்வுகளால் வலுப்பெற்றுள்ளன. அரசியற் பெறுமதியோ வேறு. வியத்நாம் பற்றி அதே அரசாங்கம் நாள்தோறும் அறிக்கை விடுத்துக்கொண்டிருந்தது. கஞ்சாவில் ஒரு பொய்யைத் தம் உடலாற் சோதித்தறிந்த மாணவர் பலருக்குப் போரிலும் பொய் இருத்தல் கூடுமென எண்ணுதல் எளிதாயிற்று.

இவ்வாதப் போரில் எமது பக்கத்து ஆவணமொன்றும் இழுக்கப்பட்டது. பிரித்தானிய இந்திய அரசு 1893 இல் நியமித்த இந்தியச் சணற்போதைப் பொருள் ஆணைக்குழு, சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து, அளவான பயன்பாட்டினாற் கேடில்லையென 1894 இல் அறிக்கையிட்டது. முக்கால் நூற்றாண்டு தூசி படிந்திருந்த அவ்வறிக்கை 1969 இல் அமெரிக்காவில் மறுபதிப்புற்றது. சீர்திருத்தம் வேண்டியோர் அதனை நடுநிலை விஞ்ஞானத்தின் தீர்ப்பெனக் கொண்டாடினர். காலனித்துவ ஆட்சியை அனுபவித்த நாட்டினராகிய எமக்கு அதனை அவ்வாறு வாசித்தல் அரிது. கஞ்சாவுக்குத் தடையை அன்று அவ்வாட்சி விரும்பாமைக்கு மதுவரி வருமானமும் ஒரு காரணம். உள்ளூர்ச் சமய வழக்கங்களிற் கைவைத்துக் கிளர்ச்சியை வரவழைத்தல் ஆகாதென்ற அச்சம் மற்றொன்று. ஓர் ஏகாதிபத்தியத்தின் வரிப்புத்தகம் மற்றோர் ஏகாதிபத்திய நாட்டு மாணவரின் விடுதலைச் சாசனமானமை வரலாற்றின் விளையாட்டுக்களில் ஒன்று.

1968 ஜனவரி 17 ஆம் நாள் விடியுமுன் நியூயோர்க் மாநிலத்து ஸ்ரோனிபுறூக் பல்கலைக்கழக விடுதிகளினுள் ஏறக்குறைய 200 பொலிசார் புகுந்தனர். எந்த அறையில் எவர் உறங்குகின்றார் என்று காட்டும் வரைபடங்களோடு அச்சிட்ட கைநூல் அவர்களிடம் இருந்தது. பல்கலைக்கழக நிருவாகத்துக்கு முன்னறிவித்தல் இல்லை. பத்திரிகையாளருக்கோ தகவல் போயிருந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் கைதாயினர். கதவு தட்டப்படும் ஓசை கறுப்பினக் குடியிருப்புக்களில் எவரையும் வியப்பிலாழ்த்தியிராது. நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெற்றோரை அது உலுக்கிவிட்டது. மாநில மட்டத்துக் கஞ்சாக் கைதுகள் 1965 இல் ஏறத்தாழ 18,800 ஆயிருந்து, 1970 இல் 188,000 ஐத் தாண்டின. ஐந்தாண்டிற் பத்து மடங்கு. சிறைக்கூடத்தின் வர்க்க அமைப்பு மாறத் தொடங்கியது என்பதே இதன் பொருள்.

அரசு இச்சட்டத்தை அரசியற் கருவியாகவும் கையாண்டது. நிக்சனின் ஆலோசகர் ஜோன் ஏர்லிக்மன் இதனை ஒப்புக்கொண்டதாக 2016 இல் ஒரு சஞ்சிகை வெளியிட்ட கூற்று இன்று பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. அவர் இறந்து 17 ஆண்டுகளின் பின் வெளிவந்த அக்கூற்றினை அவரது பிள்ளைகள் மறுத்துள்ளனர். எமக்கு அது தேவையுமில்லை. நிக்சன் பதவிக்கு வருமுன்னரே, 1968 ஜூலையில், எஃப்.பி.ஐ. தலைமையகம் தன் கிளைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை உள்ளது: புதிய இடதுசாரிகளிடையே கஞ்சாப் பழக்கம் பரவியுள்ளதால், உள்ளூர்ப் பொலிசாரைக்கொண்டு அவர்களைப் போதைக் குற்றத்திற் கைதுசெய்விக்கும் வாய்ப்புக்களைத் தேடுமாறு அது பணித்தது. சான்று கையிலிருக்கையிற் செவிவழிச் செய்தியை நாடுதல் ஆராய்ச்சியாளருக்கு அழகன்று.

இக்காலத்து வழக்குகளில் இரண்டினை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. முதலாவது லீ ஒற்றிஸ் ஜோன்சனுடையது. அவர் ஹியூஸ்ரன் நகரிற் கறுப்பின மாணவர் பயிலும் டெக்சாஸ் சதேர்ண் பல்கலைக்கழகத்தில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் அமைப்பாளராக இயங்கியவர். ஒரு கஞ்சா சிகரட்டை மாறுவேடப் பொலிசார் ஒருவருக்குக் கொடுத்த குற்றத்துக்காக 1968 இல் அவருக்கு 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆளுநர் பிறெஸ்ரன் ஸ்மித் 1970 இல் ஹியூஸ்ரன் பல்கலைக்கழகத்திற் பேச வந்தபோது மாணவர் அவரது விடுதலையைக் கோரி முழக்கமிட்டனர். அம்முழக்கத்தை மெக்சிக்க அவரை உணவொன்றின் பெயராகச் செவிமடுத்த ஆளுநர், இவர்களுக்கு அவரையின்மீது என்ன கோபமென வினவியதாகச் சொல்லப்படுகின்றது. நகைப்புக்குரிய இக்கதை அந்நாட்டில் இன்றும் வழங்குகின்றது. 30 ஆண்டுத் தண்டனையை நினைவில் வைத்திருப்போர் குறைவு. 1972 இற் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலையீட்டாலேயே அவர் வெளிவந்தார்.

இரண்டாவது ஜோன் சின்கிளேயருடையது. கவிஞர், வெள்ளையினத்தவர், மிச்சிகன் மாநிலத்து ஆன்ஆபர் நகரிற் கறுப்புச் சிறுத்தைகளுக்குத் துணையாக வெண்சிறுத்தைக் கட்சியினை நிறுவியோரில் ஒருவர். இரண்டு கஞ்சா சிகரட்டுகளை மாறுவேடப் பொலிசாருக்குக் கொடுத்தமைக்காக 1969 இல் அவருக்குப் பத்தாண்டுவரையிலான சிறை விதிக்கப்பட்டது. 1971 டிசம்பர் 10 ஆம் நாள் மிச்சிகன் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் அவருக்காகப் பதினையாயிரம் பேரளவிற் கூடினர். ஜோன் லெனனும் ஸ்ரீவி வொண்டரும் பாடினர். கின்ஸ்பேர்க்கும், சிறுத்தைகளின் தலைவர் பொபி சீலும் மேடையேறினர். மூன்று நாளில் அவர் விடுதலையானார். இதனை இசையின் வெற்றியாகக் கூறும் கதைகள் உண்டு. கூட்டத்துக்கு முன்தினமே மாநிலச் சட்டசபை கஞ்சாத் தண்டனைகளைக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது என்பதை அக்கதைகள் விட்டுவிடுகின்றன. அச்சட்டசபை உறுப்பினருக்கும் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் இருந்தனர்.

இதுவே மையமான செய்தி. 1970 ஆகஸ்டிற் கெனடி குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் மசச்சூசற்ஸ் மாநிலத்திற் கஞ்சா வழக்கில் அகப்பட்டனர், சிறைக்குச் செல்லவில்லை. அவ்வாண்டு இறுதியிற் கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, உடைமையில் வைத்திருத்தல் சிறு குற்றமாயிற்று. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகள் நீங்கின. விற்போர்மீதான கடுமை தொடர்ந்தது. வாங்குவோன் மாணவன், விற்போன் குற்றவாளி என்னும் பிரிவினை அன்று வரையப்பட்டது. பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநரும் குடியரசுக் கட்சியினருமான றேமன்ட் ஷேஃபரின் தலைமையில் நிக்சனே ஏற்றுக்கொண்ட ஆணைக்குழு 1972 மார்ச்சில் அறிக்கையிட்டபோது, தனிப்பட்ட பயன்பாட்டுக்காகக் கஞ்சா வைத்திருத்தலைக் குற்றமாகக் கொள்ளலாகாதெனப் பரிந்துரைத்தது. நிக்சன் அதனை ஏற்க மறுத்தார்; மறுக்கப்போவதை அறிக்கை வருமுன்னரே, 1971 மே மாதத்தில், அவர் பகிரங்கமாகக் கூறியுமிருந்தார். மாநிலங்கள் காத்திருக்கவில்லை. 1973 இல் ஒரேகன் வழிகாட்ட, 1978 அளவிற் பதினொரு மாநிலங்கள் சிறிதளவு வைத்திருப்போருக்குச் சிறையை நீக்கித் தண்டப்பணத்தை விதித்தன. முதற் குற்றத்துக்கு ஆயுட்சிறைவரை விதிக்க இடமளித்திருந்த டெக்சாஸ்கூட 1973 இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது.

மாணவர் இயக்கம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? இங்கு நாம் சற்றுத் தாமதித்தல் வேண்டும். இடதுசாரி அணிகளுள்ளும் ஒருமித்த நிலைப்பாடு இருக்கவில்லை. கறுப்புச் சிறுத்தைக் கட்சியின் விதிகள், கட்சிப் பணியின்போது கஞ்சா வைத்திருத்தலைத் தடைசெய்தன. அது ஒழுக்கவியல் அன்று, பொலிசாரிடம் காரணத்தைக் கையளிக்கலாகாதென்னும் அனுபவம். முற்போக்குத் தொழிலாளர் கட்சியினர் தொழிலாளரிடமிருந்து மாணவரை அந்நியப்படுத்தும் பழக்கமென அதனை எதிர்த்தனர். ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர் அமைப்பிற் பெரும்பாலோர் புகைத்தனர். அதுபற்றித் திட்டவட்டமாகச் சிந்தித்தோர் சிலரே.

ஆன்ஆபரில் மட்டும் வேறொன்று நிகழ்ந்தது. 1971 இல் அரசியலமைப்பின் 26 ஆவது திருத்தம் 18 வயதினருக்கு வாக்குரிமை அளித்தது. 1972 ஏப்ரலில் மாணவரின் வாக்குகளோடு மனித உரிமைக் கட்சியென்னும் சிறு இடதுசாரிக் கட்சி நகரசபையில் இரு ஆசனங்களைப் பெற்றது. மே மாதத்திற் கஞ்சா வைத்திருத்தலுக்குத் தண்டம் 5 டொலர் என்னும் நகர விதி நிறைவேறியது. அடுத்த ஆண்டு குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மை பெற்று அதனை நீக்கினர். 1974 இல் வாக்காளர் அதனை நகரத்தின் அடிப்படைச் சாசனத்திலேயே எழுதிவிட்டனர். நகரசபை நினைத்தாலும் நீக்க முடியாதபடி. தெருவிற் போராடி வாக்குப்பெட்டியில் வென்றமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. இருப்பினும் அவ்விதியின் எல்லை ஆன்ஆபர் நகரின் எல்லையே. ஒருமணி நேரத்துக்குட்பட்ட பயணத்திலிருந்த டெட்ரொயிற்றின் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புக்களுக்கு அது செல்லவில்லை. மாணவர் தம் நகருக்குரிய விதியை வென்றெடுத்தனர். அதன்பின் இயக்கம் தணிந்தது. வென்றோரைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. தணிந்த காரணத்தையே நாம் தேடுகின்றோம்: தமக்கு இடர் நீங்கியதும் சட்டம் தமக்குரிய பிரச்சினையாக இல்லாதொழிந்தது.

வணிகம் அவ்விடைவெளியில் நுழைந்தது. கஞ்சாச் சட்டச் சீர்திருத்தத்துக்கான தேசிய நிறுவனம் 1970 இல் தொடங்கப்பெற்றபோது அதற்கு முதற்பணமாக 5,000 டொலர் கொடுத்தது பிளேபோய் நிதியம். 1974 இற் கஞ்சாவுக்கென்றே 'ஹை ரைம்ஸ்' என்ற பளபளப்பான சஞ்சிகை வந்தது. எதிர்ப்பின் அடையாளம் நுகர்வின் அடையாளமாகும் வேகம் முதலாளித்துவத்தில் எப்போதும் பெரிதே. எம்மைக் கூடுதலாகத் தொட்டது மற்றொரு நிகழ்ச்சி. 1970களின் நடுப்பகுதி முதல் மெக்சிக்கோவின் கஞ்சா வயல்களில் அமெரிக்க நிதியுதவியோடு பரகுவாற் என்னும் களைகொல்லி விமானங்களிலிருந்து தெளிக்கப்பட்டது. அது எத்துணை நஞ்சென்பதை எமது கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 1978 இல் அமெரிக்காவிற் பெருங்கூச்சல் எழுந்தது. நஞ்சு படிந்த கஞ்சா அமெரிக்க இளைஞரின் நுரையீரலைச் சென்றடையுமென்பதே அக்கூச்சல். தெளிப்பின் கீழ் நின்ற மெக்சிக்க விவசாயியின் நுரையீரல் அவ்விவாதத்தில் ஓரத்திலேயே இருந்தது.

1980களில் றேகன் ஆட்சி போதைப்பொருளுக்கு எதிரான போரைப் புதுப்பித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்திவரும் ஆய்வின்படி, முந்திய பன்னிரு மாதங்களிற் கஞ்சா பயன்படுத்திய கல்லூரி மாணவர் 1980 இல் நூற்றுக்கு 51 பேர். 1991 இல் ஏறத்தாழ 27 பேர். 2020 இல் 44 பேர். இவ்வேற்றவிறக்கத்தினுள் மறைந்துள்ள வேறோர் எண் எமக்கு முக்கியமாகப் படுகின்றது. 2020 இல் நாள்தோறும் புகைப்போர், கல்லூரி மாணவரிடையே நூற்றுக்கு 8 பேரளவினர். அதே வயதிற் கல்லூரி செல்லாதோரிடையே 13 பேரளவினர். 1960களிற் கல்லூரியை அடையாளப்படுத்திய பழக்கம், அதன் பாரமான வடிவத்திலே, கல்லூரி வாயிலுக்கு வெளியே நிற்போரிடம் சென்று தங்கியுள்ளது. மாணவனுக்கு அது வாரவிறுதிப் பொழுதுபோக்கு. பண்டகசாலையிலும் உணவகத்திலும் இரவுபகலாக உழைப்பவனுக்கு அது நாளாந்த நோவுக்கான மருந்து.

வளாகத்தினுள்ளும் வர்க்கம் வேலை செய்தமைக்கு 1998 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத் திருத்தத்தைவிடத் தெளிவான சான்றில்லை. போதைப்பொருட் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட மாணவருக்குக் கூட்டாட்சிக் கல்வி உதவிப்பணமும் கடனும் மறுக்கப்படும் என அது விதித்தது. கஞ்சாவை வைத்திருந்த ஒரே குற்றமும் அதற்குப் போதும். கொலைக்கோ பாலியல் வன்முறைக்கோ தண்டனை பெற்றவனுக்கு அவ்வாறான தடை இச்சட்டத்தில் இல்லை. அதனிலும் பெரிது, உதவிப்பணம் தேவையற்ற செல்வந்தரின் மகனை இச்சட்டம் தீண்டவே இல்லை. அவன் கஞ்சாவோடு அகப்பட்டாலும் தந்தையின் காசோலை மறுநாளும் செல்லும். 2006 இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. முற்றாக நீக்கப்படுவதற்கு 2020 டிசம்பரில் வேறொரு சட்டம் நிறைவேற வேண்டியிருந்தது. இத்திருத்தத்தை எதிர்த்து 1998 இல் உருவான மாணவர் அமைப்பு முந்திய தலைமுறையினரைப் போலப் புகைக்கும் உரிமையிலிருந்து தொடங்கவில்லை, படிக்கும் உரிமையிலிருந்து தொடங்கியது. எமது நோக்கில் இவ்வரலாறு முழுவதிலும் மாணவர் மனப்பாங்கு முன்னேறிய இடம் இதுவே.

2012 ஏப்ரல் 20 ஆம் நாள், ஆண்டுதோறும் மாணவர் கூடிப் புகைக்கும் புற்றரையில் மீனுரத்தைத் தெளித்து நாற்றமெடுக்கச் செய்து, கூட்டத்தைத் தடுத்தது கொலராடோப் பல்கலைக்கழக நிருவாகம். அவ்வாண்டு நவம்பரிற் கொலராடோ வாக்காளர் வயதுவந்தோருக்குக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினர். மறு ஆண்டில் அமெரிக்கக் குடியியல் சுதந்திர ஒன்றியம் வெளியிட்ட அறிக்கை, கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஏறத்தாழச் சம அளவிற் கஞ்சா பயன்படுத்தியபோதும், அதற்காகக் கைதாகும் வாய்ப்புக் கறுப்பினத்தவருக்கு 3.73 மடங்கு அதிகமெனக் கணித்தது.

மிச்சிகன் மாநிலம் 2018 நவம்பரில் அதே வழியில் வாக்களித்தது. 2019 டிசம்பர் 1 ஆம் நாள் ஆன்ஆபரிற் கஞ்சாக் கடைகள் முதன்முதலிற் சட்டப்படி திறந்தபோது, வரிசையில் முன்னின்று வாங்கியோருள் 78 வயதான ஜோன் சின்கிளேயரும் ஒருவர். முன்னர் இரண்டு சிகரட்டுகளுக்காகச் சிறை சென்றவர் அன்று பற்றுச்சீட்டோடு வெளியே வந்தார். லீ ஒற்றிஸ் ஜோன்சன் தண்டிக்கப்பட்ட டெக்சாஸில் 2024 ஆம் ஆண்டு முடியும்வரை அச்சட்டம் மாறியிருக்கவில்லை.